மூளை ஆய்வின் கணக்கில் நாம் இருக்கிறோமா?

பாச்சாங் – சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு பற்றிய செய்திகள் நம் புலனக் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. கருவில் வளரும் மனித மூளையை அணு அணுவாகப் படம் பிடித்துவிட்டார்களாம், கணினிக்குள்ளேயே மூளையை ஓடவிட்டுப் பார்க்கிறார்களாம் என்று ஆளுக்கு ஆள் பகிர்கிறோம். கை கூப்பும் படம் ஒன்றும் 'தமிழ்மண்ணின் சாதனை' என்ற வரியும் கூடவே வருகின்றன. பெருமைப்பட வேண்டிய செய்திதான், மறுக்கவில்லை.

ஆனால், பாச்சாங்கில் ஓர் ஒட்டுக்கடையில் இந்தச் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். வலது கை நடுங்குவதால் தே தாரேக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிக்கிறார்.

"எல்லாம் சரி தம்பி. இத வச்சு என் கை நடுக்கத்த நிப்பாட்ட முடியுமா?"

"இப்போதைக்கு முடியாதுங்க ஐயா" என்பதுதான் நேர்மையான பதில். அத்தோடு விட்டுவிட்டால் அது அரைப் பதிலாகவே இருக்கும். இந்த ஆய்வு எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை, அதில் மலாக்கா தோட்டப்புற, பட்டணத் தமிழர்களுக்கு என்ன இடம் என்பதைப் பார்ப்பது அவசியம்.

சென்னையில் நடந்தது என்ன?

2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. தாயின் வயிற்றில் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலத்தில் சிசுவின் மூளை எப்படி உருவாகிறது என்பதைக் காட்டும் முப்பரிமாண வரைபடம் அது. பதப்படுத்தப்பட்ட மூளையை மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி உயிரணு தெரியும் அளவுக்குப் படம் எடுத்து, கணினியில் மீண்டும் ஒன்று சேர்த்திருக்கிறார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையிலான இந்த மையம் 2022இல் தொடங்கப்பட்டது. இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரும் அதே ஐஐடியின் பழைய மாணவருமான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் இதற்குப் பண உதவி செய்தார்.

இதில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியவை. ஒன்று, இந்த வரைபடம் பூட்டி வைக்கப்படவில்லை. உலகில் எந்த ஆய்வாளரும் இலவசமாகப் பார்க்கலாம், பயன்படுத்தலாம். மற்றொன்று, இதுவரை வந்த விரிவான மூளை வரைபடங்களில் பெரும்பாலானவை மேலை நாட்டவரின் மூளையை வைத்தே தயாரிக்கப்பட்டவை. இம்முறை நம் பக்கத்து மனிதர்களின் மூளை அந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது. 'சாதனை' என்ற சொல்லை விட இந்த இரண்டாவது செய்திக்குத்தான் எடை அதிகம்.

கணக்குப் போட்டு மூளையைப் புரிந்துகொள்வது

வரைபடம் மட்டும் போதாது. பாச்சாங்கின் சாலை வரைபடம் கையில் இருந்தால், காலை ஏழு மணிக்கு எந்தச் சமிக்ஞை விளக்கில் வாகனங்கள் தேங்கும் என்று தெரிந்துவிடுமா? அதற்கு ஓட்டத்தைக் கணக்கிட வேண்டும். மூளைக்கும் அப்படித்தான். நரம்பணுக்களுக்கு இடையே ஓடும் மின் துடிப்புகளைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் ஓடவிட்டு, உண்மையான மூளை செய்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் துறைக்குக் கணிப்பிய நரம்பியல் என்று பெயர்.

இது புதிய துறை அன்று. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1952இல் ஒரு கணவாயின் பெரிய நரம்பை வைத்து, துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சமன்பாடாக எழுதினார்கள். 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2024 அக்டோபரில் பழ ஈயின் முழு மூளையிலும் உள்ள ஏறத்தாழ 139,000 நரம்பணுக்களின் இணைப்புகள் அனைத்தும் வரைந்து முடிக்கப்பட்டன. மனித மூளையில் இருப்பவை சுமார் 8,600 கோடி. இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை இந்த ஓர் ஒப்பீடே காட்டும்.

சென்னை ஐஐடியில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருவது பேராசிரியர் வி. சீனிவாச சக்ரவர்த்தியின் ஆய்வுக்குழு. அந்தக் குழு அதிகம் கவனம் செலுத்தும் நோய், நமது பெரியவரைப் போன்றோருக்கு வரும் நடுக்குவாதம்தான். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் விவரித்ததால் அது பார்க்கின்சன் நோய் எனப்படுகிறது.

நாம் ஒரு கோப்பையை எடுக்க நினைத்த உடனே கை நகர்ந்துவிடுவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகள் 'செய்' என்று அனுமதி தர வேண்டும், அல்லது 'செய்யாதே' என்று தடுக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே 'தேடிப் பார்' என்ற மூன்றாவது நிலையும் இருக்கிறது என்பது சக்ரவர்த்தி குழுவின் கருத்து. எந்த நிலை எப்போது என்பதை நிர்ணயிக்கும் இரசாயனம் டோபமின். அதைச் சுரக்கும் அணுக்கள் செத்துக்கொண்டே போனால் அனுமதி வழங்கும் வேலை குழம்புகிறது. கை நடுங்குகிறது, கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறது, கையெழுத்து வரவர சிறுத்துப் போகிறது. நடை நின்றுபோவதையும் கையெழுத்துச் சிறுத்துப்போவதையும் கணினி மாதிரியில் உண்டாக்கிக் காட்டியிருக்கிறது இக்குழு. அந்த அணுக்கள் ஏன் சாகின்றன என்ற கேள்விக்கும் அதே வழியில் விடை தேடி, 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. பக்கத்து அணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டுவதால் அவை களைத்துச் சாகக்கூடும் என்பதை அந்த மாதிரி ஆராய்ந்தது.

2018இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த அவர்களின் இன்னொரு ஆய்வு, வௌவால் பறக்கும்போது முப்பரிமாண வெளியில் தான் இருக்கும் இடத்தை அதன் மூளை எப்படி அறிகிறது என்பதைப் பற்றியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளரோடு சேர்ந்து செய்தது. வௌவாலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இடமறியும் அந்த அணுக்கள் நம் மூளையிலும் உண்டு. அல்சைமர் மறதி நோயில் முதலில் பாதிக்கப்படும் பகுதிகளில் அவை இருக்கும் இடமும் ஒன்று. முப்பது வருடம் நடந்த பாதையில் தாத்தா ஒருநாள் வழி தவறி நிற்பதற்கும் அந்த வௌவாலுக்கும் அவ்வளவு நெருக்கம்.

எதிர்பார்ப்பில் எச்சரிக்கை

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கணினி மாதிரி என்பது மருந்து அல்ல. அதை வைத்து ஒரு கருத்தைச் சோதிக்கலாம், தவறான வழிகளைச் சீக்கிரமே கழித்துவிடலாம், மருந்தின் அளவையோ மூளைக்குள் பொருத்தும் மின்முனையின் வேகத்தையோ எப்படி அமைத்தால் நல்லது என்று முன்கூட்டி ஊகிக்கலாம். அதன்பிறகும் ஆய்வுக்கூடச் சோதனை, மருத்துவச் சோதனை என்று ஆண்டுகள் பிடிக்கும். "மூளையையே படம் பிடித்துவிட்டார்கள், இனி மறதி நோய்க்கு மருந்து வந்துவிடும்" என்று புலனத்தில் வருவதை நம்பி, இப்போது எடுக்கும் மாத்திரையை யாரும் நிறுத்திவிடக்கூடாது.

யாருடைய மூளை, யாருடைய கணக்கு?

கணினி மாதிரி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அதற்குள் போடும் தரவைப் பொறுத்துத்தான் விடை வரும். அமெரிக்க நகரத்தில் படித்து வளர்ந்தவர்களின் தரவை மட்டும் போட்டால், மெர்லிமாவ் தோட்டத்தில் ஆறு வயதிலேயே தாயோடு வெட்டுக்குப் போன பாட்டியின் மூளையைப் பற்றி அது சரியாகச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரா என்ற வட்டம் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் அங்குள்ள கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்ட 10,000 பேரைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை நடத்துகிறது. இரத்தப் பரிசோதனை, மூளைப் படம், நினைவாற்றல் சோதனை எல்லாம் அந்தக் கிராம மக்களுக்கே செய்யப்படுகின்றன. விவசாயிகளின் முதுமை எப்படி இருக்கிறது என்பதற்கு வேறொருவரின் கணக்கைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

நம் நிலை என்ன? 1896இல் தான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வணிக முறையிலான இரப்பர் தோட்டத் தொழில் அங்கிருந்துதான் தொடங்கியது. அதன்பின் பெருகிய தோட்டங்களில் நம் முன்னோர் ஒவ்வொரு விடியற்காலையும் பெரட்டுக்களத்தில் நின்றார்கள். பெயர் கூப்பிட்டு எண்ணினார்கள். எத்தனை மரம், எத்தனை வாளி பால், எத்தனை நாள் விடுப்பு என்று எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் கணக்கு இருந்தது. வெட்டிய கைக்கு எந்த வயதில் நடுக்கம் வந்தது, எத்தனை பேர் மறதியோடு இறந்தார்கள் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பலர் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்த பிறகு, இருந்த கணக்கும் சிதறிப்போனது.

கிடைக்கின்ற எண்களோ கவலை தருகின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் சராசரி 15.6 விழுக்காடாகக் குறைந்தது. அப்போதும் மூன்று பெரிய இனங்களில் முதலிடம் நம்மிடமே இருந்தது. இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் காலையும் சிறுநீரகத்தையும் மட்டும் கெடுப்பதில்லை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களையும் கெடுக்கின்றன. பக்கவாதத்திற்கும் மறதி நோய்க்கும் அவை இரண்டும் நேரடி வழி. 2018இல் மூத்த குடிமக்களிடம் எடுத்த ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் எனக் கண்டறியப்பட்டது. பன்னிரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாட்டியிடம் எந்த மொழியில் கேட்பது?

இங்கேதான் மொழி குறுக்கே வருகிறது. உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் நினைவாற்றல் சோதனை 1975இல் அமெரிக்காவில் உருவானது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லும். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்லும். இப்போது எந்தப் பருவகாலம் என்றும் கேட்கும். வருடம் முழுக்க வெயிலும் மழையுமாக இருக்கும் மலாக்காவில் இதற்கு என்ன பதில் சொல்வது?

பிற மொழிகளில் இதை மாற்றியமைத்திருக்கிறார்கள். தமிழிலும் இத்தகைய சோதனைகள் உண்டு. ஆயினும் பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கு, பரபரப்பான கிளினிக்கில், அவர் அரைகுறையாய் அறிந்த மலாய் மொழியில் கேள்வி கேட்டால் இரண்டு தவறுகள் நடக்கலாம். நோயே இல்லாதவரை நோயாளி என்று முடிவு செய்யலாம். அல்லது, 'இவர் படிக்காதவர், அதனால் தெரியவில்லை' என்று உண்மையான நோயைத் தவறவிடலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது என்பது என் கணிப்பு. ஏனெனில் "வயசாச்சு, மறதி வரத்தானே செய்யும்" என்று வீட்டிலேயே நாமும் சொல்லி முடித்துவிடுகிறோம்.

அதே பாட்டியிடம், எந்தப் பேத்திக்குக் கல்யாணம் ஆனது, ரசத்திற்கு எதை முதலில் போட வேண்டும், தைப்பூசத்துக்கு எந்த வழியாகப் போவோம் என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். முன்பு தயங்காமல் சொன்னவர் இப்போது தடுமாறுகிறாரா என்பதை வீட்டார்தான் முதலில் கவனிக்க முடியும். அந்தக் கவனிப்பை மருத்துவரிடம் எடுத்துச் சொன்னால், அதுவும் ஒரு தரவுதான்.

நம் நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் 'மலேசியன் கோஹோர்ட்' ஆய்வில் மூவினத்தையும் சேர்ந்த 106,527 பேர் பதிவு செய்யப்பட்டார்கள். நமக்குப் பக்கத்திலேயே, ஜோகூர் சிகாமட்டில் மோனாஷ் பல்கலைக்கழகம் 2011 முதல் பல்லாயிரம் குடியிருப்பாளர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. பெக்கோக், சாஆ போன்ற தோட்டம் சூழ்ந்த வட்டாரங்களும் அதில் அடங்கும். கிளந்தானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நரம்பியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. மலாக்காவின் தோட்டப்புற இந்திய முதியோருக்காக இப்படியொரு நீண்டகாலக் கவனிப்பு வேண்டும் என்று நம் இயக்கங்களும் ஆலய நிர்வாகங்களும் பல்கலைக்கழகங்களிடம் கேட்கலாம். கருத்தரங்கிற்கு மண்டபம் கொடுக்கும் நாம், இதற்கும் ஓர் அறையைக் கொடுக்கலாம்.

ஆய்வாளர்கள் வீடு தேடி வரும்போது "நமக்கெதுக்கு வம்பு" என்று கதவைச் சாத்துவதும் நம்மிடம் உண்டு. அந்தத் தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விவரம் யாரிடம் போகும், பெயர் வெளியே வருமா, வேண்டாம் என்றால் பாதியில் விலகலாமா என்று கேட்பது நம் உரிமை. பதிலைத் தமிழில் கேட்பதும் உரிமைதான். கேட்டுத் தெளிந்து ஒப்புக்கொள்வது வேறு, பயந்து ஒதுங்குவது வேறு. ஒதுங்கியவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

ஆய்வு பலன் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது பக்கவாதம். பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் மூளை சுமார் 19 லட்சம் நரம்பணுக்களை இழக்கிறது என்பது 2006இல் போடப்பட்ட கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் 999 எண்ணை அழையுங்கள். எண்ணெய் தேய்த்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைப்பதும், யாராவது கார் கொண்டு வரட்டும் என்று காத்திருப்பதும் அந்த நான்கரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

இரண்டாவது, பரிசோதனை. எஸ்டிஆர் உதவி பெறுவோரிலும் அவர்களின் துணைவரிலும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. 2019 முதல் இருக்கும் திட்டம். இனிப்பு, அழுத்தம், கொழுப்பு மூன்றும் தெரிந்துவிடும். 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு, மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று கூறியது. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், புகை, அளவு மீறிய குடி, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தாத்தாவுக்குக் கண்ணாடி வாங்கித் தருவதும், கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பேசவிடுவதும்கூட மூளைக்குச் செய்யும் பராமரிப்புதான்.

மூன்றாவது, பிள்ளைகள். அறிவியல் பிரிவில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போய்விட்டது என்று நினைக்கும் பெற்றோர் நம்மில் அதிகம். மூளை ஆய்வுக்குள் நுழையக் கணிதம், இயற்பியல், கணினி, பொறியியல் என்று பல வாசல்கள் உண்டு. சக்ரவர்த்தியின் அறிமுகப் பாடம் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எஸ்பிஎம் முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் அதன் முதல் பாடத்தையாவது பார்க்கலாம். நாளைக்கு மலாக்காப் பாட்டிகளின் மொழி தெரிந்த ஓர் ஆய்வாளர் வேண்டுமென்றால், அவர் இப்போது ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளியில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெரியவரிடம் இதையெல்லாம் அந்த ஒட்டுக்கடையில் சொல்லி முடிக்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"இந்த நடுக்கத்துக்கு டாக்டரப் பாத்தீங்களா ஐயா?"

"வயசான நடுக்கம்னு நெனச்சேன். இதுக்கெல்லாமா போவாங்க?"

நடுக்குவாதத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கும் மாத்திரைகள் அறுபதுகளின் இறுதியிலிருந்தே இருக்கின்றன. அவருடைய நடுக்கம் நடுக்குவாதம்தானா, வேறு ஏதாவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். அவர் இன்னும் எந்தக் கிளினிக்கின் பதிவிலும் இல்லை. கிழமை கேட்டுக்கொண்டார், மகளோடு போவதாகச் சொன்னார்.

சென்னையில் 5,132 சீவல்களை எண்ணியிருக்கிறார்கள். பாச்சாங்கில் நாம் எண்ணத் தொடங்க வேண்டியது, பக்கத்து மேசையில் இருக்கும் இந்த ஒருவரிடமிருந்து.